ட்ரெய்லரோடு வந்தது

நான் ஏலம் கேட்டது ட்ரெய்லரைத்தான்.
படகு அதன்மேல் இருந்தது.
"இறக்க ஆளில்லை, சேர்த்தே கொண்டுபோங்க"
என்றார்கள் சாரி பண்ணையில்.
ட்ரெய்லருக்குத் தகடு உண்டு: ஆலை, ஊர், ஆண்டு,
எத்தனை பவுண்டு தாங்கும் என்பது வரைக்கும்.
படகுக்கு ஒன்றுமில்லை.

சுப்பீரியர் ஏரி இன்னும் உறைந்து கிடந்த மார்ச்.
கொட்டகையில் அதைக் கவிழ்த்துப் போட்டு
நானும் மார்லிஸும் தேய்க்க உட்கார்ந்தோம்.
பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டம் காலி:
செய்தவர். ஆண்டு.

சிவப்புக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே வீட்டுச் சுவருக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளை,
அதற்கும் கீழே, பிறந்த நிறம்,
ஐம்பதுகளின் குளியலறைப் பச்சை.
பின்பலகையின் வலது மேல்மூலையில் எண் இல்லை.
எழுபத்திரண்டுக்குப் பிறகு வந்த படகென்றால் இருக்கும்.
இரண்டு பக்கமும் வால்செதில்,
அந்தக் காலத்துக் கார்களுக்கு வைத்தார்களே, அதுபோல.
தட்டினால் ஊமைச் சத்தம்.
கணக்குத் தெரியாத யாரோ
பயந்து பயந்து பிசினை அதிகம் ஊற்றியிருக்கிறார்.

வெர்னர் கங்காஸ் வந்தார்.
பார்த்ததுமே ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னார்.
மறுநாள் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு
வேறு பெயர் சொன்னார்.
மூன்றாம் நாள் வரவில்லை.

இருக்கைப் பெட்டியை அறுத்தபோது
மஞ்சள் நுரைக்குள் கசங்கிய செய்தித்தாள்.
செவ்வாய், ஏப்ரல் 14.
ஆண்டு இருந்த மூலையை எலி தின்றிருந்தது.
மார்லிஸ் நாட்காட்டிகளைப் புரட்டினாள்:
ஐம்பத்தொன்பது, அறுபத்து நான்கு, எழுபது.
மூன்று பிறந்தநாள், ஒரு பிள்ளை.

பிறகுதான் அதைப் பார்த்தோம்.
பின்பலகையில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும்,
சீட்டுக்கட்டு அளவில் ஒரு மேடு,
நான்கு மூலையிலும் ஆணித்தலை.
சுரண்டினேன். உலோகம் இல்லை.
ஆணியும் தகடும் அதே பச்சைப் பிசின்.

முப்பது வருடம் பல்செட்டு செய்தவள் மார்லிஸ்.
"அச்செடுக்கும்போது வாயில் கீரை ஒட்டியிருந்தால்
கீரையும்தான் அச்சில் வரும்," என்றாள்.
"யாருடைய படகுமேலோ அச்செடுத்திருக்கிறான்.
பெயரை மட்டும் மெழுகு வைத்து அடைத்திருக்கிறான்.
ஆணியை மறந்துவிட்டான்."

பண்ணைக்குத் திரும்பப் போனோம்.
இல்மா சாரி கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.
கோழிக்கூண்டின் கூரையில் பாதி பனி உருகியிருந்தது.
அதற்கு மூக்கு இருந்தது.
பின்பக்கம் இரண்டு செதில்.

குனிந்து உள்ளே போனேன்.
தலைக்கு மேலே வழவழவென்று ஒரு படகின் வெளிப்புறம், உள்நோக்கி.
விரலால் தேடினேன்:
நான்கு குழி.
ஒரு கோழி என் ஷூ நாடாவைக் கொத்தியது.

"அண்ணன் ஒன்றே ஒன்றுதான் செய்தான்," என்றார் இல்மா,
"அறுபத்து நான்கில். நாற்றம் ஜூலை வரை போகவில்லை.
இரவல் வாங்கிய படகை மெழுகு தேய்த்துத் திருப்பிக் கொடுத்தான்.
அது அப்படி மின்னியதே இல்லையென்று
கங்காஸ் வீட்டில் கேக் செய்து அனுப்பினார்கள்."

மார்லிஸ் என்னைப் பார்க்கவில்லை.
நானும் அவளைப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் வெர்னர் வந்தார்.
கேட்காமலே கொட்டகைக்குள் போய்
முன்புறம், நீர்க்கோட்டுக்குக் கீழே,
கைநீளத் தழும்பு ஒன்றில் விரலை வைத்தார்.
ஒட்டுப்போட்டது என்று நாங்கள் நினைத்திருந்த மேடு.
"எனக்கு எட்டு வயது. சுக்கான் என் கையில்.
இந்தப் பாறை எந்தப் பாறை என்று காட்டட்டுமா?"

இந்தப் படகு அந்தப் பாறையைத் தொட்டதே இல்லை.

ஆண்டை எழுதிவிட்டோம்.
மேல் கட்டம் இன்னும் காலி.
பேனாவை வெர்னரிடம் நீட்டினேன்.
மூடியைத் திறந்தார், மூடினார்,
ட்ரெய்லரை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார்.